பழைய பருத்தி வணிகரின் கணக்குப் புத்தகங்கள்: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அயர்லாந்தின் பாலிமீனாவிலிருந்து 1800இல் அமெரிக்காவின் பால்டிமோருக்கு வந்து லினன் துணி விற்றவர் அலெக்சாண்டர் பிரவுன். மூத்த மகன் வில்லியம் 1810இல் லிவர்பூலில் கடை போட்டார். தம்பிகள் பிலடெல்பியாவிலும் நியூயார்க்கிலும் கிளை திறந்தார்கள். பருத்தி வணிகத்தில் பெரும் பெயரெடுத்த இந்தக் குடும்பத்தின் பேரேடுகளும் கடிதங்களும் அருமையான சான்றுகள். ஆனால் அவசரமாகப் புரட்டினால் தப்பாகத்தான் புரியும்.

பெயரிலேயே குழப்பம் தொடங்கிவிடும். இங்கிலாந்திலிருந்து வந்த நூற்பாலைத் தொழிலாளி சாமுவேல் ஸ்லேட்டரை வைத்து 1790இல் அமெரிக்காவின் பாடக்கெட்டில் நூல் நூற்க வைத்த மோசஸ் பிரவுன், பிராவிடன்ஸ் நகரத்துக்காரர். அது வேறு குடும்பம். பால்டிமோர் பிரவுன்களின் லிவர்பூல் கிளையோ 1839இல் பிரவுன் ஷிப்லி என்று பெயர் மாறியது. அதனால் ஆண்டைப் பார்க்காமல் பெயரை மட்டும் நம்பக் கூடாது.

அடுத்தது, விற்பனைக் கணக்கில் உள்ள மொத்தத் தொகையை நிறுவனத்தின் வருமானமாக எடுத்துக்கொள்வது. லிவர்பூலில் அவர்கள் விற்ற பொதிகளில் பெரும்பகுதி அடுத்தவர் சரக்கு. சவானாவிலோ நியூ ஆர்லியன்ஸிலோ இருப்பவர் பருத்தியை அனுப்புவார். மதிப்பில் ஒரு பகுதி முன்பணமாக அவருக்குப் போய்விடும். விற்ற பிறகு கப்பல் வாடகை, துறைமுகச் செலவு, தரகு, கமிஷன் எல்லாம் கழித்து, மிச்சம் அவர் பேரில் வரவு வைக்கப்படும். பிரவுன்களுக்கு அந்தச் சரக்கில் கிடைத்தது கமிஷனும் வட்டியும்தான், சொந்தக் கப்பலில் வந்திருந்தால் வாடகையும்.

நல்ல ஆய்வாளர்களையும் சறுக்க வைப்பது நாணய மாற்று. பழைய வழக்கப்படி ஒரு பவுண்டுக்கு 4.44 டாலர் என்று வைத்து, அதற்கு மேல் எத்தனை சதவீதம் என்றே விலை சொன்னார்கள். ‘8 சதவீதம் கூடுதல்’ என்றால் ஒரு பவுண்டு 4.80 டாலர். 1830களின் பிற்பகுதியில் இரு நாணயங்களிலும் இருந்த தங்கத்தின்படி ஒரு பவுண்டின் உண்மையான மதிப்பு ஏறக்குறைய 4.87 டாலர். அப்படியானால் கூடுதல் என்று எழுதியிருக்கும் அந்த நாளில் பவுண்டு உண்மையில் மலிவு! இதை மறந்தால் லாபம் நஷ்டமாகவும் நஷ்டம் லாபமாகவும் தெரியும். அப்புறம், ஒரே உண்டியலை (இன்னாருக்கு இவ்வளவு பணம் கொடு என்று வெளியூர்க்காரருக்கு எழுதும் பத்திரம்) இரண்டு மூன்று படிகளாக எழுதி வெவ்வேறு கப்பலில் அனுப்புவார்கள். ஒன்றுக்குப் பணம் கொடுத்ததும் மற்றவை செல்லாது. அவற்றைத் தனித்தனியாகக் கூட்டிவிட வேண்டாம்.

என் பார்வையில் மிகப் பெரிய தவறு, பேரேட்டில் இல்லாத மனிதர்களை மறந்துபோவது. அதில் பொதி, எடை, விலை இருக்கும். பருத்தியைப் பறித்த அடிமைகள் இருக்க மாட்டார்கள். 1837 நிதி நெருக்கடியில் கடன்கள் முடங்கியபின் லூசியானாவில் தோட்டங்களும் அங்கே அடிமைப்பட்டிருந்தவர்களும் பிரவுன்கள் வசம் வந்தார்கள். அந்த மாநிலத்து அடமானப் பத்திரங்களில் நிலத்தோடு சேர்த்து அடிமைகளின் பெயர், வயது, மதிப்பு எல்லாம் எழுதுவது வழக்கம். பேரேட்டை எடுக்கும் கையோடு அந்தப் பத்திரங்களையும் கேட்டு வாங்குங்கள்.