ரிப்பன் வெட்டிய மறுநாள்: புதுக் கருவிகளைத் தேடும் சங்கங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் எங்கள் பிளாட்டின் சமூக மண்டபத்துக்குப் பின்புறம், நீலத் தார்ப்பாய் போர்த்திய இயந்திரம் ஒன்று நிற்கிறது. போன வருடம் அதனடியில் ஒரு பூனை மூன்று குட்டி போட்டது. அந்த இயந்திரத்தால் இதுவரை விளைந்த நன்மை அவ்வளவுதான்.

சமையல் கழிவைக் கொட்டினால் மறுநாள் உரமாகிவிடும் என்றார் விற்பனையாளர். நன்கொடையும் சங்கப் பணமுமாக 18,000 ரிங்கிட் போட்டு வாங்கினோம். அப்போது குடியிருப்பாளர் சங்கச் செயலாளர் நான்தான், ஆகவே பழியில் எனக்கும் பங்குண்டு. ரிப்பன் வெட்டினோம், மாலை போட்டோம், வந்தவர்களுக்கு நாசி லெமாக் கொடுத்தோம். ஏழாவது வாரம் இயந்திரம் நின்றுபோனது.

காரணம் வாழையிலை. பக்கத்துக் கோயிலில் வெள்ளிதோறும் அன்னதானம் நடக்கும். இலை, வாழைத்தண்டு, இளநீர் மட்டை என்று எங்கள் குப்பையில் பாதி நார்தான். அந்த நார் கத்தியில் சுற்றிக்கொண்டது. கோயில் மடப்பள்ளியில் பாத்திரம் கழுவும் அக்காக்களிடம் முன்பே கேட்டிருந்தால், 'இலையைப் போட்டா சிக்கிக்கும் தம்பி' என்று ஒரே பேச்சில் சொல்லியிருப்பார்கள். யாரும் கேட்கவில்லை. முடிவெடுத்த கூட்டத்தில் இருந்தது ஏழு ஆண்களும் ஒரு விற்பனையாளரும்.

அதன் பிறகு பினாங்கில் பல சங்கங்களின் கதையைக் கேட்டுவிட்டேன். பொருள்தான் மாறுகிறது, தவறு பெரும்பாலும் ஒன்றுதான்.

பொருளைப் பார்த்துவிட்டுப் பிரச்சினையைத் தேடுவது

எங்களுக்கு உண்மையில் என்ன தொல்லை இருந்தது? சனிக்கிழமை காலையில் குப்பைத் தொட்டி நாறும், எலி வரும். அவ்வளவுதான். 'எங்களுக்கு உரம் வேண்டும்' என்று ஒருவரும் சொன்னதில்லை. எலியிலிருந்து தொடங்கியிருந்தால், வெள்ளி இரவே குப்பையை எடுக்க ஏற்பாடு செய்வதும் ஒரு தீர்வாகத் தெரிந்திருக்கும். கண்காட்சியில் பளபளப்பாக நின்ற இயந்திரத்திலிருந்து தொடங்கியதால், அதற்கேற்ப ஒரு பிரச்சினையை நாங்களே கண்டுபிடித்துக்கொண்டோம்.

உலக அளவில் இதற்குப் பேர்போன உதாரணம் தென்னாப்பிரிக்காவில் பிறந்த 'பிளே பம்ப்'. குழந்தைகள் ராட்டினம் சுற்றினால் நிலத்தடி நீர் மேலேறித் தொட்டியில் நிறையும். கேட்கவே இனிக்கிறது, இல்லையா? 2006-ல் அமெரிக்காவிலிருந்து பெரும் நிதி வந்தது, பல ஆப்பிரிக்க கிராமங்களில் ராட்டினம் நட்டார்கள். சில இடங்களில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கைப்பம்பைப் பிடுங்கிவிட்டு நட்டார்கள். ஒரு ராட்டினம் 2,500 பேருக்குத் தண்ணீர் தர வேண்டுமென்றால் குழந்தைகள் நாளுக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்று 2009-ல் ஒரு பிரிட்டிஷ் நாளிதழ் கணக்குப் போட்டுக் காட்டியது. குழந்தைகள் அலுத்துப் போனதும், தண்ணீருக்காக அந்த ராட்டினத்தைத் தள்ளிச் சுற்றியது பெரும்பாலும் பெண்கள்.

பெண்கள் தண்ணீர் எடுக்கிறார்கள், ஆகவே அவர்களிடம் முதலில் கேட்போம் என்று யாருக்கும் தோன்றவில்லை போலும். எங்கள் மடப்பள்ளிக் கதைதான், தொகைதான் பெரியது.

'ஆமாம்' என்று தலையாட்டுவதை நம்புவது

சரி, மக்களைக் கேட்கிறோம் என்றே வைத்துக்கொள்வோம். நம் ஆட்கள் மரியாதைக்காரர்கள். மாலை போட்டவர் கேட்டால் 'நல்லாருக்கு' என்றுதான் சொல்வார்கள்.

கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் மலிவான சானிட்டரி நாப்கின் செய்ய முயன்றபோது, மருத்துவக் கல்லூரி மாணவியரிடம் கொடுத்துக் கருத்துத் தாள் நிரப்பச் சொன்னார். எல்லோருக்கும் பதிலாக இரண்டு மூன்று பேரே உட்கார்ந்து தாள்களை நிரப்புவதைப் பிறகு கண்டுபிடித்தார். தாளை நம்பிப் பயனில்லை என்று தெரிந்ததும், ஆட்டு ரத்தம் நிரப்பிய பையைத் தன் உடம்பிலேயே கட்டிக்கொண்டு சோதித்துப் பார்த்தார். ஊர் அவரைப் பைத்தியம் என்றது. 2016-ல் பத்மஸ்ரீ கிடைத்தது வேறு கதை.

கருத்துத் தாளைவிடக் கண்ணை நம்பலாம். ஒரு வாரம் மண்டபத்தில் வைத்துவிட்டு, யார் தொடுகிறார்கள், யார் சுற்றிக்கொண்டு போகிறார்கள் என்று பாருங்கள்.

இன்னொரு பழைய சம்பவம் நமக்கு நெருக்கமானது. 1950-களில் பெரு நாட்டுக் கிராமம் ஒன்றில், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று ஒரு சுகாதாரப் பணியாளர் இரண்டு ஆண்டுகள் வீடு வீடாக ஏறி இறங்கினார். சுமார் 200 வீடுகளில் புதிதாக மாறியது 11 மட்டும். அந்த ஊர் வழக்கில் கொதித்த நீர் 'சூடு' வகையைச் சேர்ந்தது, நோயாளிக்குரியது. நல்ல உடம்போடு இருப்பவன் அதைக் குடித்தால் கேலிதான். டுரியான் சூடு, மங்குஸ்தான் குளிர்ச்சி என்று வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. கிருமியைப் பற்றிப் படம் வரைந்து காட்டினால் போதும் என்று நினைத்தவருக்குத்தான் விளங்கவில்லை.

மொழியும் இதில் சேரும். எங்கள் பிளாட்டில் அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் வரும். மூன்றாம் மாடிப் பாட்டிக்கு இரண்டும் எட்டாது. தெரிந்த குரலில், தமிழில், ஒரு நிமிட வாட்சாப் ஒலிப்பதிவு போட்டால் வேலை முடிந்தது. இதற்குக் குழு எதற்கு, ஆலோசகர் எதற்கு என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

மறுநாளைக்கு ஆள் இல்லாமல் தொடங்குவது

என் அனுபவத்தில் பெரிய தவறு இதுதான். வாங்குவதற்குப் பணம் தருகிறவர்கள் உண்டு. ஓட்டுவதற்குத் தருகிறவர் குறைவு. மின்கட்டணம், தேயும் பெல்ட், வாரம் ஒருமுறை கழுவுகிறவரின் கூலி என்று எதுவும் எங்கள் விண்ணப்பத்தில் இல்லை. உதிரிப் பாகம் எங்கிருந்து வர வேண்டும் என்று கேட்டபோது, தயாரித்த நிறுவனம் அந்த மாடலையே நிறுத்திவிட்டது என்று பதில் வந்தது.

டெங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். மலேசியாவில் ரத்தக்கசிவு டெங்கிக் காய்ச்சல் முதலில் பதிவானது 1962-ல், பினாங்கில்தான். ஆகவே கொசுப்பொறி என்றால் நம் ஊர்க்காரர்களுக்கு ஆர்வம் வரும். கறுப்பு டப்பாவில் தண்ணீர், ஏடிஸ் கொசு வந்து முட்டையிடும், முட்டையை அழித்துவிடலாம். மலிவு, எளிமை. ஆனால் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். சாதாரண டப்பாவை வைத்துவிட்டு, பார்த்துக்கொள்ளும் ஆள் தீபாவளிக்கு ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்து வந்தால், நாமே கொசுவுக்குப் பிரசவ விடுதி நடத்தியதாகிவிடும். பொறியின் எண்ணிக்கையைப் பார்க்கும் ஆளின் எண்ணிக்கை தீர்மானிக்கட்டும். நான்கு பேர் இருந்தால் நான்கு மாடி, நாற்பது மாடிக்கு ஆசைப்பட வேண்டாம்.

பழுதுபார்ப்பு என்றதும் எனக்கு மருத்துவர் வூ லியன் தே நினைவுக்கு வருகிறார். 1879-ல் பினாங்கில் பிறந்து, பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்தவர். 1910-ல் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது, பஞ்சையும் மெல்லிய துணியையும் அடுக்கி முகக்கவசம் செய்தார். அவர் சொன்னதை ஏற்காமல் கவசம் அணிய மறுத்த பிரெஞ்சு மருத்துவர் மெனி சில நாள்களில் அதே நோய்க்குப் பலியானார். எனக்கு அதில் பிடித்தது அந்தக் கவசத்தின் எளிமை. துணியும் பஞ்சும் கிடைக்கிற எந்த ஊரிலும், கத்தரியும் ஊசியும் பிடிக்கத் தெரிந்தவர் செய்துவிடலாம். ஒரு புதுமையை மதிப்பிடும்போது நான் இப்போது முதலில் கேட்பது, இதை நம் பிளாட்டில் யார் அவிழ்த்து மாட்டுவார்கள் என்றுதான்.

சாவி வேறொருவர் பையில்

கோயில் உண்டியலுக்குப் பக்கத்தில் கைப்பேசியால் வங்கிக்கணக்குக்குப் பணம் செலுத்தும் டூயிட்நவ் கியூஆர் அட்டை வைக்கிறோம். நல்ல வசதி. ஆனால் அது யார் கணக்கு? பொருளாளரின் சொந்தக் கணக்கோடு இணைத்துவிட்டு, அடுத்த தேர்தலில் அவர் தோற்றுப்போனால் வரும் சண்டையை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சங்கத்தின் பெயரில் கணக்கு வேண்டும், அதற்குச் சங்கம் முறையாகப் பதிவு பெற்றிருக்க வேண்டும். மானியம் தருகிறவர்களும் முதலில் கேட்பது அந்தப் பதிவுச் சான்றிதழைத்தான். சிறு எச்சரிக்கை ஒன்று: அட்டைமேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டிப் பணத்தைத் திருப்பும் ஆட்கள் உண்டு. வாரம் ஒருமுறை நீங்களே ஒரு ரிங்கிட் செலுத்திப் பாருங்கள்.

செயலி, மென்பொருள் எதை ஏற்றாலும் இதே கேள்விதான். யூனிகோடு வருமுன் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் ஒவ்வொரு குறியீட்டில் இருந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். ஒரு கணினியில் அடித்த உறுப்பினர் பட்டியல் இன்னொன்றில் திறந்தால் வெறும் கிறுக்கல். எங்கள் சங்கத்தின் பழைய கூட்டக் குறிப்புகள் இன்னும் அப்படித்தான் ஒரு நெகிழ்வட்டில் உறங்குகின்றன. புது செயலிக்காரரிடம் 'எங்கள் விவரங்களை நாளை வெளியே எடுத்துத் தருவீர்களா' என்று கேளுங்கள். முகம் மாறினால் புரிந்துகொள்ளலாம்.

தூரத்தில் தேடுவது

கோலாலம்பூர் கண்காட்சிக்குப் பேருந்து வைத்துப் போவோம், பக்கத்துப் பள்ளிக்குள் எட்டிப் பார்க்க மாட்டோம். நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் புத்தாக்கப் போட்டிகளில் பதக்கம் வாங்குவது செய்தித்தாளில் வழக்கமாகிவிட்டது. பதக்கம் வரவேற்பறைக் கண்ணாடி அலமாரிக்கு, கருவி ஸ்டோர் ரூமுக்கு. அந்தப் பிள்ளைகளைச் சங்கக் கூட்டத்துக்கு அழைத்து, 'இதை எங்கள் பிளாட்டில் மூன்று மாதம் ஓட்டிக் காட்டுங்கள்' என்று எந்தச் சங்கமாவது கேட்டதுண்டா? நாங்கள் கேட்கவில்லை.

2008-ல் அமைக்கப்பட்ட யாயாசான் இனோவாசி மலேசியா என்ற புத்தாக்க அறக்கட்டளை, கிராமத்திலும் பட்டறையிலும் இருக்கும் படிக்காத மேதைகளைத் தேடிப்போகும் 'ஜெஜாக் இனோவாசி' திட்டத்தை நடத்தியிருக்கிறது. பினாங்குத் தீவில் யுஎஸ்எம் பல்கலைக்கழகம் இருக்கிறது, கொசு ஆய்வில் அதற்கென ஒரு பிரிவே உண்டு. பெர்மாத்தாங் பாவில் பொலிடெக்னிக் இருக்கிறது, இறுதியாண்டு மாணவர்களுக்குத் தலைப்பு தேவைப்படும். பாயான் லெப்பாஸில் 1989 முதல் திறன் பயிற்சி மையம் இருக்கிறது. கடிதம் எழுதும்போது 'ஏதாவது கொடுங்கள்' என்று எழுதாதீர்கள். 'வெள்ளிக்கிழமை இரவு இத்தனை கிலோ வாழையிலை, என்ன செய்யலாம்' என்று எழுதுங்கள். பதில் வரும் வாய்ப்பு கூடும்.

எத்தனை கிலோ என்று தெரியாதா? அதுவும் ஒரு தவறு. இயந்திரம் வருமுன் நாங்கள் குப்பையை எடைபோடவில்லை. அதனால் அது ஓடிய ஏழு வாரத்தில் ஏதாவது குறைந்ததா என்று இன்றுவரை சொல்ல முடியாது. பழைய பேப்பர்காரரின் தராசு இரண்டு வாரத்துக்குக் கிடைத்தாலே போதும்.

தைப்பூசத்துக்கு முன் எதையும் தொடங்காதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீர்ப் பந்தல் வேலையில் ஓடுகிற ஆட்களைப் பயிற்சிக்குக் கூப்பிட்டால் யார் வருவார்கள்?

கூடை

இயந்திரம் நின்ற பிறகு மடப்பள்ளி அக்காக்கள் சும்மா இருக்கவில்லை. ஒருவரின் மகள் தக்காகுரா முறையைப் பற்றிச் சொன்னாள். ஜப்பானைச் சேர்ந்த கோஜி தக்காகுரா 2004 வாக்கில் இந்தோனேசியாவின் சுரபாயாவில் வடிவமைத்த உரக்கூடை அது. அவர் ஜப்பானிலிருந்து நுண்ணுயிரிப் பாக்கெட் கொண்டுவரவில்லை. தெம்பே, தாப்பாய் என்று அந்த ஊர் மக்கள் புளிக்கவைத்துச் சாப்பிடும் பொருள்களில் இருந்ததையே வளர்த்து, உமியிலும் தவிட்டிலும் கலந்து, அழுக்குத் துணி போடும் துளையுள்ள கூடையில் இட்டார். அந்தக் கூடைகள் ஆயிரக்கணக்கில் வீடுகளுக்குப் போயின.

தாப்பாயும் தெம்பேயும் நம் பாசாரிலும் (சந்தையிலும்) கிடைக்கும். ஆறு வீட்டில் ஆறு கூடை என்று தொடங்கினார்கள். ஒன்றில் புழு வந்தது, ஒன்று நாறியது, இரண்டு வீட்டில் மாமியார் தூக்கி வெளியே வைத்துவிட்டார். மீதி இரண்டைப் பார்க்கத்தான் அக்கம்பக்கத்தார் வந்தார்கள். வாழையிலையை இன்னமும் கூடை தாங்காது, அதற்குத் தனியாக நறுக்கிக் காயவைக்கிறார்கள். இப்போது பதினான்கு வீடு.

போன மாதம் ஓர் இளைஞர் மண்டபத்துக்கு வந்தார். தொட்டி நிறைந்தால் கைப்பேசிக்குத் தகவல் அனுப்பும் சென்சார் ஒன்றைக் காட்டினார். நல்ல பையன், நன்றாகவே விளக்கினான். கடைசி வரிசையில் இருந்து ஒரு அக்கா கேட்டார்:

"தம்பி, பேட்டரி செத்துப்போனா யாருக்குப் போன் அடிக்கிறது?"

பையன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு பையிலிருந்து நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டான். அடுத்த கூட்டத்துக்கு வரச் சொல்லியிருக்கிறோம்.