கேரம் காயை வைத்து எலக்ட்ரான் அமைப்பைப் பிடிப்பது எப்படி?

வியாசர்பாடியில் எந்தச் சந்தில் நுழைந்தாலும் கேரம் காய் தட்டுகிற சத்தம் கேட்கும். டியூஷன் பிள்ளைகளுக்கு எலக்ட்ரான் அமைப்பு, அதாவது அணுக்கருவைச் சுற்றி எந்த வட்டத்தில் எத்தனை எலக்ட்ரான் என்பதை, நடத்த நானும் அதைத்தான் எடுப்பேன். ஒரு செட்டில் 19 காய்: வெள்ளை 9, கறுப்பு 9, ரெட் 1.

முதலில் மொட்டைமாடித் தரையில் சாக்பீஸால் ஒன்றைச் சுற்றி ஒன்றாக நாலு வட்டம் போடுங்கள். நடுவில் ஸ்டிரைக்கர், அதுதான் அணுக்கரு. காய்கள் எலக்ட்ரான்கள். உள்வட்டம் 2 காயில் நிரம்பிவிடும், அடுத்தது 8இல். மூன்றாவதில் 18 வரை இடம் உண்டு. ஆனால் 8 ஆனதுமே அடுத்த இரண்டு காய் நாலாவதுக்குப் போய்விடும். இப்போதைக்கு இது போதும்.

சரி, சோடியம். அணு எண் 11, அதாவது 11 எலக்ட்ரான், ஆகவே 2, 8, 1. வெளியே ஒண்டியாக நிற்கும் காயைக் கொடுத்துவிட்டால் மிச்சம் 2, 8, அதாவது அலட்டிக்கொள்ளாத நியானின் அமைப்பு. காய்களை வாரிவிட்டு குளோரின் வையுங்கள்: 2, 8, 7. இதற்கு ஒன்று குறைகிறது. அது கொடுக்க இது வாங்க, காசிமேட்டுக் கருவாட்டில் போடுகிற உப்பு! தனித்தனியாக இருந்தால் ஒன்று தண்ணீர் பட்டாலே சீறும், இன்னொன்று நச்சு வாயு.

அப்புறம் தனிம வரிசை அட்டவணையில் இடம். காய் உள்ள வட்டங்களை எண்ணினால் தொடர் (கிடை வரிசை), சோடியத்துக்கு மூன்று. கடைசி வட்டத்துக் காய்களை எண்ணினால் தொகுதி (செங்குத்து வரிசை), சோடியத்துக்கு ஒன்று. அங்கே 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் 10 கூட்டுங்கள்: குளோரின் 17ஆம் தொகுதி. போர்டில் தூவும் போரிக் பவுடரில் உள்ள போரான் 2, 3, எனவே 13. இதற்கு அடங்காதது ஹீலியம். இரண்டே காய்தான், ஆனால் இருக்கிற ஒரே வட்டமும் நிரம்பிவிட்டதால் 18ஆம் தொகுதியில், எதனோடும் எளிதில் சேராத மந்த வாயுக்களோடு உட்கார்ந்திருக்கும்.

பொட்டாசியம்தான் எனக்குப் பிடித்தது. அணு எண் 19, செட் முழுசும் காலி. 2, 8, 8 வைத்துவிட்டு நாலாவது வட்டத்தில் ரெட்டை வையுங்கள். சோடியம் மாதிரியே வெளியே ஒன்றுதான், அதனால் குணமும் அதே ஜாதி. ஆனால் ரெட் ஸ்டிரைக்கரை விட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறது பாருங்கள்! இடையில் இத்தனை காய் மறைக்கும்போது கருவின் பிடி அதுவரை எட்டுமா? சுலபமாகக் கழன்றுவிடும். தண்ணீரில் போட்டால் சோடியம் உருகி உருண்டையாக ஓடும்; பொட்டாசியம் ஓடும்போதே இளம் ஊதாவில் பற்றிக்கொள்ளும்.

அடுத்தது கால்சியம், 20. ஒரு காய் குறையும். பக்கத்து போர்டில் ஆட்டம் முடிந்ததும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.