தேயிலை இலைவாய்களை ஃபிஜி மென்பொருளில் எண்ணுவது எப்படி

ஹட்டன், நுவரெலியா பக்கம் இருப்பவர்களுக்கு மாதிரி தேடி அலைய வேண்டியதில்லை, வேலி ஓரத்திலேயே தேயிலை நிற்கிறது. முற்றிய இலை ஒன்றின் அடிப்பக்கத்தில் நிறமில்லாத கியூடெக்ஸ் பூசி, நன்றாகக் காயவிட்டு, செலோடேப்பால் உரித்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுங்கள். அடிப்பக்கம்தான், தேயிலையில் இலைவாய்கள், அதாவது இலை காற்றை வாங்கிவிடும் நுண்துளைகள், அங்கேதான் இருக்கும். அதை நுணுக்குக்காட்டியில் வைத்துப் படமெடுத்து, படத்தை டிஃப் கோப்பாகச் சேமியுங்கள், ஜேபெக் விவரங்களைச் சிதைத்துவிடும்.

மென்பொருள் ஃபிஜி, இலவசம். படங்களை அளக்கும் மென்பொருளான இமேஜ்ஜேயோடு தேவையான பிளகின்களையும் (கூடுதல் கருவிகள்) சேர்த்துத் தருவதுதான் அது.

முதல் வேலை அளவுகோல். பலர் தவறவிடுவது இதைத்தான், நானும் ஒருமுறை விட்டு, நாற்பது படத்தையும் திரும்ப அளந்தேன். ஸ்டேஜ் மைக்ரோமீட்டரை, அதாவது நுண்ணிய அளவுகோல் பொறித்த கண்ணாடித் தகட்டை, அதே லென்சில் படமெடுங்கள். அதில் 1 மில்லிமீட்டர் 100 பிரிவாக இருந்தால் ஒரு பிரிவு 10 மைக்ரோமீட்டர். பத்துப் பிரிவுக்கு நேர்கோடு இழுத்து, 'அனலைஸ்' மெனுவில் 'செட் ஸ்கேல்' போய் 100 மைக்ரோமீட்டர் என்று கொடுத்து, எல்லாப் படத்துக்கும் அதுவே பொருந்த 'குளோபல்' என்பதையும் டிக் செய்யுங்கள். லென்சை மாற்றினால் அளவுகோலையும் மாற்ற வேண்டும்.

அப்புறம் எண்ணுவது. 'த்ரெஷோல்ட்' போட்டு, அதாவது நிறத்தின் அடர்த்தியை வைத்துப் பிரித்து, தானாக எண்ணவைக்க ஆசை வரும், ஆனால் இந்த அச்சில் செல் சுவரும் இலைவாயும் ஒரே சாம்பல் நிறம், அதனால் 'மல்டி பாயின்ட்' கருவியால் ஒவ்வொன்றாகக் கிளிக் செய்வதே மேல். சாயமேற்றிய வெங்காயத்தோல் கருக்களுக்கு த்ரெஷோல்ட் சரி, ஒட்டியிருப்பவற்றை 'வாட்டர்ஷெட்' பிரித்துவிடும். படத்தின் பரப்பு 0.1 சதுர மில்லிமீட்டர், எண்ணிக்கை 15 என்றால், சதுர மில்லிமீட்டருக்கு 150. ஓரத்தில் வெட்டுப்பட்டவற்றை இரண்டு பக்கத்தில் மட்டும் சேர்த்து, மற்ற இரண்டில் விட்டுவிடுங்கள்.