சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டை வைத்து முடிவெடுப்பது எப்படி?

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளைப் படித்து, அனுமதி தரலாமா வேண்டாமா என்று கோப்பில் குறிப்பு எழுதுவது என் வேலை. இந்தப் பொறுப்புக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்கச் சொல்வது: திட்டத்துக்கான இடம் ஏற்கெனவே முடிவாகிவிட்டதா? நிலம் வாங்கி டெண்டரும் விட்ட பிறகு வரும் அறிக்கையைக் கொண்டு மரம் நடச் சொல்லலாம், பாதையை மாற்ற முடியாது. நாட்டின் எல்லை தாண்டும் பாதிப்புகளுக்காக 1991இல் உருவான எஸ்போ ஒப்பந்தமும் அனுமதிக்கு முன்பே மதிப்பீடு நடக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது.

அறிக்கை கைக்கு வந்ததும் சுருக்கத்தை விட்டுவிட்டு, மாற்று வழிகள் பகுதிக்குப் போங்கள். இந்த நடைமுறைக்கு வழிவகுத்த அமெரிக்காவின் 1969 சட்டத்துக்கு 1978இல் எழுதிய விதிகள், அந்தப் பகுதியை அறிக்கையின் இதயம் என்றே குறிப்பிட்டன. திட்டமே வேண்டாம் என்றால் என்ன ஆகும் என்பதும் அங்கே இருக்க வேண்டும். தள்ளிவிடுவதற்கென்றே சேர்த்த மாற்றுகளைக் கண்டுபிடிப்பது எளிது: அவற்றுக்கு வரைபடமோ செலவுக் கணக்கோ இருக்காது. திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அப்புறம் அளவெடுத்த தேதிகள். சதுப்பு நிலத்தின் குறுக்கே ஒரு புறவழிச்சாலை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆய்வு முழுக்கக் கோடையில் நடந்திருந்தால், 'நீரோட்டம் இல்லை' என்று எழுதியிருப்பார்கள். மழைக்காலத்தில் அந்தச் சாலையே அணையாக நின்று, மேட்டுப்பக்க வீடுகளுக்குள் தண்ணீரைத் தள்ளும். வெள்ளம் எதுவரை ஏறும் என்பது அங்கே வசிப்பவர்களுக்குத் தெரியும். அதனால் பொதுமக்கள் கருத்துக்கேட்பின் பதிவை வரிவரியாகப் படியுங்கள். எந்தக் கருத்தை ஏற்றோம், எதை ஏன் ஏற்கவில்லை என்று குறிப்பில் எழுதுங்கள். அது அவர்களுக்கு நாம் தர வேண்டிய பதில்.

ஒரே ஆற்றை நம்பிப் பல திட்டங்கள் வரும்போது தனித்தனி அறிக்கை போதாது. அந்த வட்டாரம் முழுவதற்குமான திட்டத்தின் அளவிலேயே மொத்தத் தாக்கத்தையும் கணக்கிடச் சொல்ல வேண்டும்.

கடைசியாக நிபந்தனைகள். பாதிப்பைத் தவிர்க்க வழியுண்டா என்று முதலில் பாருங்கள். முடியாவிட்டால் குறைப்பது, பிறகு சீரமைப்பது, அதற்கும் பிறகுதான் ஈடுசெய்வது. 'போதிய நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும்' என்ற வரியை யாராலும் சோதிக்க முடியாது. 'மண் நிரப்பும் முன் மதகுகளைக் கட்டி முடிக்க வேண்டும். பொறியாளர் சரிபார்த்த பிறகே அடுத்த கட்டத்துக்கு அனுமதி' என்று எழுதினால் முடியும். கண்காணிப்பு அறிக்கை யாருக்கு, எத்தனை மாதத்துக்கொரு முறை வர வேண்டும், அளவு மீறினால் வேலையை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பதையும் அதே ஆணையிலேயே சேர்த்துவிடுங்கள்.