பழ டோஸ்ட்: சொதசொதவென்று போவது ஏன்?

கோடை விடுமுறை விட்டதும் கும்பகோணத்தில் எங்கள் தெருவில் மூன்றரை, நாலு மணிக்கு ஏதாவது ஒரு வீட்டில் தோசைக்கல்லில் பிரட் வாட்டும் வாசனை வரும். மேலே பழத்தை அடுக்கி இனிப்பாகத் தின்பதுதான் இப்போது பிள்ளைகளுக்குப் பிடித்த மாலைத் தீனி. புதிதாகச் செய்பவர்கள் நான் ஆரம்பத்தில் கோட்டை விட்ட அதே இடங்களில்தான் கோட்டை விடுகிறார்கள். பிரட்டைக் கருக விடாதே, அழுகிய பழத்தைப் போடாதே என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பழத்தில் முன்கூட்டியே சர்க்கரை போடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. பங்கனப்பள்ளி என்ன விலை விற்கிறது!

போன மே மாதம் அண்ணன் மகள் தன் தோழிகளை வரச் சொல்லியிருந்தாள். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு மாம்பழத்தை நறுக்கி, நாட்டுச்சர்க்கரை தூவிப் பிசறி மூடி வைத்தாள். கேட்டதற்கு, "இனிப்பு நல்லா ஊறட்டும் அத்தை" என்றாள். மூன்று மணிக்கு சூடான பிரட்டில் அதை அடுக்கி, ஈ மொய்க்காமல் இருக்க மேலே ஒரு தட்டையும் கவிழ்த்துவிட்டாள். தோழிகள் வந்தபோது மணி நாலரை. முதலில் எடுத்த பெண்ணின் கையிலேயே பிரட் நடுவில் தொங்கிப் பிய்ந்து, மாம்பழத் துண்டுகள் பாவாடையில் விழுந்தன. மற்றவர்கள் ஸ்பூனால் பழத்தை மட்டும் வழித்துத் தின்றுவிட்டு பிரட்டை ஒதுக்கிவிட்டார்கள். அத்தனை பழமும் வெண்ணெயும் பாழ்.

மாங்காயில் உப்புப் போட்டு வைத்தால் தண்ணீர் விடுகிறதே, சர்க்கரையும் பழத்துக்குள் இருக்கும் நீரை அப்படித்தான் வெளியே இழுக்கிறது. பிரட் மொறுமொறுப்பாக இருப்பதே அதன் மேற்புறம் காய்ந்திருப்பதால்தான். காய்ந்த பிரட் கிடைக்கிற ஈரத்தையெல்லாம் குடிக்கும். போதாததற்கு, மூடி வைத்தால் சூட்டில் கிளம்பும் ஆவி தட்டில் முத்து முத்தாகக் கோத்து அதன் மேலேயே சொட்டும்.

சரி, என்ன செய்யலாம்? பழத்தை நறுக்கி, சர்க்கரை போடாமல் வடிகட்டியில் பத்து நிமிடம் வையுங்கள். வடிகிற சாற்றைக் குடித்துவிடலாம். பிரட்டை இரண்டு பக்கமும் வாட்டியதும் தட்டில் படுக்க வைக்காமல், ஒன்றோடொன்று சாய்த்து நிற்க வையுங்கள், அடியில் வியர்க்காது. அப்புறம் வெண்ணெயை ஓரம் வரை இடைவெளி விடாமல் தடவுங்கள். அந்தக் கொழுப்புதான் ஈரத்தைத் தடுக்கும். நடுவில் மட்டும் தடவினால் ஓரம் ஊறிவிடும். பழம் அதற்குப் பிறகு. சர்க்கரை, தேன், பாபநாசம் பக்கத்து வெல்லத்தைப் பொடித்த தூள், எதுவானாலும் வாயில் வைக்கும் முன்னால்தான். விருந்தாளி வருகிறார்கள் என்றால் எல்லாவற்றையும் தனித்தனியாக வைத்துவிடுங்கள். அவரவர் அடுக்கிச் சாப்பிடட்டும்.

கைக்கு வந்த வாழைப்பழத்தைப் போடுவது

திருவையாறு, லால்குடிப் பக்கம் வாழைக்குக் குறைவில்லை, ஆனால் எல்லாம் டோஸ்ட்டுக்கு ஒத்துவராது. நன்றாகப் பழுத்த பூவன் வில்லையாக நிற்காது, குழையும். லேசாகப் புளிக்கவும் செய்யும். வில்லை போட எனக்கு ரஸ்தாளிதான். தோல் மஞ்சளாக, காம்பு உறுதியாக இருக்கும்போதே நறுக்க வேண்டும். கற்பூரவல்லியை மசித்து, ஏலக்காய்த்தூள் சேர்த்துத் தடவலாம். நேந்திரன் கிடைத்தால் வில்லைகளை நெய்யில் இரண்டு பக்கமும் சிவக்க வாட்டுங்கள். அதற்கு மட்டும் நாட்டுச்சர்க்கரையைக் கல்லிலேயே தூவலாம், விடுகிற தண்ணீர் சூட்டில் வற்றிவிடும்.

பாலாடை மேல் பச்சை அன்னாசி

பாலாடை தடவி அன்னாசி வைத்தால் கொஞ்ச நேரத்தில் கசக்கும். பால் கெட்டுப்போனது என்று பால்காரரைத் திட்டாதீர்கள். அன்னாசியில் உள்ள புரோமெலைன் என்ற நொதி பாலின் புரதத்தை உடைப்பதால் வருகிற கசப்பு அது. கல்லில் நன்றாகச் சூடேற வாட்டிவிட்டால் நொதி செயலிழந்துவிடும். பப்பாளியிலும் இதே வேலையைச் செய்யும் பப்பைன் இருக்கிறது. அதற்குப் பாலாடை வேண்டாம், வெண்ணெய் போதும்.

பிரிட்ஜில் வைத்த பிரட்

குளிரில் சீக்கிரம் வறண்டு விறைக்கும். வெளியிலேயே இருக்கட்டும்.

பெரிய தீ

சிம்மில் வையுங்கள்.