சென்னைக்குள்ளா, தாம்பரம் தாண்டியா? குடும்பத்தோடு குடியேறுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தைக்குப் பள்ளிக்கூடம் சேர்க்கும் வயது நெருங்கினாலே சென்னையில் வாடகைக்கு இருக்கும் குடும்பங்களில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். மேற்கு மாம்பலத்திலோ பெரம்பூரிலோ ஒரு படுக்கையறை வீட்டுக்குக் கொடுக்கும் வாடகையில், ஊரப்பாக்கத்திலோ மாங்காட்டிலோ இரண்டு படுக்கையறை, கார் நிறுத்த இடம், கொஞ்சம் காற்றோட்டம் எல்லாம் கிடைக்கிறது. போகலாமா, இங்கேயே நெருக்கிக்கொண்டு இருந்துவிடலாமா?

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் முடிவெடுக்கும்போது நாம் வீட்டைத்தான் பார்க்கிறோம். எத்தனை சதுர அடி, என்ன திசை, டைல்ஸ் எப்படி என்று கேட்கிறோம். அந்த வீட்டிலிருந்து கிளம்பி ஒரு சாதாரண வேலைநாளைக் குடும்பத்தில் ஒவ்வொருவரும் எப்படிக் கழிக்கப்போகிறார்கள் என்று உட்கார்ந்து கணக்குப் போடுவதில்லை. நான் பார்த்தவரை பெரும்பாலான தவறுகள் இங்கேதான் ஆரம்பிக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு முடிவெடுப்பது

வீடு பார்க்க எல்லோரும் விடுமுறை நாளில்தான் போகிறார்கள். ஞாயிறு காலை கிண்டியிலிருந்து கூடுவாஞ்சேரிக்கு ஜி.எஸ்.டி. சாலையில் காற்று வாக்கில் போய்ச் சேர்ந்துவிடலாம். அதே சாலையில் திங்கட்கிழமை மாலை ஏழு மணிக்குப் பெருங்களத்தூரைத் தாண்டிப் பாருங்கள். சோழிங்கநல்லூர் சிக்னலும் போரூர் சந்திப்பும் அப்படித்தான். பிடித்துப்போன ஏரியாவுக்கு ஒரு வேலைநாள் காலையில், நீங்கள் வழக்கமாகக் கிளம்பும் நேரத்தில், அங்கிருந்து அலுவலகம்வரை போய்ப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

‘ஸ்டேஷன் பக்கத்திலேயே இருக்கு’ என்று தரகர் சொன்னால் நடந்து பாருங்கள், அதுவும் இருட்டிய பிறகு. தெருவிளக்கு எரிகிறதா, நாய்த் தொல்லை உண்டா, ஷேர் ஆட்டோ எத்தனை மணிவரை ஓடுகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். இன்னொன்று, கடற்கரை–தாம்பரம் தடத்தில் 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. ஆனால் தாம்பரம்வரை வரும் ரயில்கள் எல்லாம் செங்கல்பட்டுவரை போவதில்லை. வரைபடத்தில் தாம்பரத்துக்கு அடுத்து ஒன்றிரண்டு ஸ்டேஷன்தானே என்று தோன்றும். நடைமேடையில் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் அந்தத் தூரம் வேறு மாதிரி இருக்கும்.

ஒருவருடைய பயணத்தை மட்டும் கணக்கில் எடுப்பது

எல்லாவற்றிலும் பெரிய தவறு என்று நான் நினைப்பது இதைத்தான். கணவனுக்கு ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலையில்) வேலை, மனைவிக்கு நுங்கம்பாக்கத்தில் வேலை என்று வைத்துக்கொள்வோம். வீடு நாவலூரில் அமைகிறது. அவருக்கு அலுவலகம் கூப்பிடு தூரம். அவளோ காலை ஏழு மணிக்குக் கிளம்பி இரவு எட்டு மணிக்குத் திரும்புகிறாள். வந்ததும் சமையல், பிள்ளையின் வீட்டுப்பாடம். சில மாதங்கள் தாக்குப்பிடிப்பாள். அப்புறம் ‘குழந்தை கொஞ்சம் பெரியவன் ஆகட்டும்’ என்று வேலையை விட்டுவிடுவாள். அது அவளாக எடுத்த முடிவு என்றுதான் எல்லோரும் பேசுவார்கள். உண்மையில் அந்த முடிவு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்த அன்றே எடுக்கப்பட்டுவிட்டது. வாடகையில் மாதம் சில ஆயிரம் மிச்சம் என்று தொடங்கிய கணக்கில் ஒரு சம்பளமே காணாமல் போகிறது. நின்றுபோன வேலையை நாலைந்து வருடம் கழித்துத் திரும்பப் பிடிப்பது எவ்வளவு சிரமம் என்று பிடிக்க முயன்றவர்களுக்குத்தான் தெரியும்.

ஒரு தாளை எடுத்து, காலை ஆறு மணியிலிருந்து இரவு ஒன்பது மணிவரை வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் எங்கே இருப்பார்கள் என்று எழுதிப் பாருங்கள். காலை 11 மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வருகிறது, பையனுக்குக் காய்ச்சல், வந்து அழைத்துப் போங்கள் என்கிறார்கள். யார் போவது? எவ்வளவு நேரத்தில் போய்ச் சேர முடியும்? இந்தக் கேள்விக்குத் தாளில் பதில் இல்லை என்றால், வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் அது உங்களுக்கான இடம் இல்லை.

பள்ளிக்கூட வேனையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். எட்டு கிலோமீட்டர்தானே என்று நினைப்போம். வேன் நேர்வழியில் போகாது, தெருத்தெருவாகச் சுற்றிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். கடைசி முனையில் வீடு இருந்தால் காலையில் முதலில் ஏறுவதும் மாலையில் கடைசியாக இறங்குவதும் உங்கள் குழந்தைதான். பள்ளி அலுவலகத்தில் கேட்டால் தோராயமாக ஒரு நேரம் சொல்வார்கள். வேன் ஓட்டுநரிடமே ‘எங்க தெருவுக்கு எத்தனை மணிக்கு வருவீங்க, திரும்ப எப்போ இறக்கி விடுவீங்க’ என்று கேட்டால் சரியான பதில் கிடைக்கும். ஒன்றாம் வகுப்புக் குழந்தை தினமும் இரண்டு மூன்று மணி நேரத்தை வேனிலேயே கழிக்கிறது என்றால், வீட்டுக்குக் கீழே இருக்கும் விளையாட்டுத் திடல் யாருக்கு?

தண்ணீர்: இல்லாத காலமும் மிதமிஞ்சிய காலமும்

2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் எப்படி மூழ்கின என்பது தெற்குப் புறநகர்க்காரர்கள் யாருக்கும் மறக்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், வேளச்சேரிப் பக்கம் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. ஆனால் வெள்ளம் புறநகர்ப் பிரச்சினை, நகரத்துக்குள் இருந்தால் பயமில்லை என்று நினைப்பதும் தவறுதான். 2021 நவம்பரில் தியாகராய நகரின் பல தெருக்களில் முழங்கால் அளவு தண்ணீர். அந்த நகரே 1920களில் ஒரு பெரிய ஏரியை வற்றவைத்து உருவானது. இன்றும் மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, ஏரிதான் இல்லை.

எனவே நகரமா புறநகரா என்பதைவிட எந்தத் தெரு, எந்தத் தளம் என்பதே முக்கியம். வீட்டு உரிமையாளர் ‘இங்கே தண்ணியே நிக்காது’ என்பார். சுற்றிப் பாருங்கள். காம்பவுண்டு சுவரில் ஒரே உயரத்தில் பழுப்புக் கோடு ஓடுகிறதா? மின் மீட்டர் பெட்டியைப் பழைய இடத்திலிருந்து கழற்றித் தலை உயரத்துக்கு ஏற்றியிருக்கிறார்களா? மோட்டாருக்குச் செங்கல் மேடை கட்டி, சம்ப்பின் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியின்) வாயையும் ஒரு முழம் உயர்த்திப் பூசியிருக்கிறார்களா? தெருவிலிருந்து வீட்டுக்குள் படி ஏறுகிறதா, இறங்குகிறதா? பழைய தாரைச் சுரண்டாமல் திரும்பத் திரும்ப ரோடு போட்டதில் உள்நகரத்துப் பழைய தெருக்களில் வாசல் தாழ்ந்துபோன வீடுகள் நிறைய உண்டு. தெருமுனை மளிகைக் கடைக்காரரிடமும் இஸ்திரி போடுபவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். உங்களுக்கு வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை.

கோடையில் கதை வேறு. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நகருக்குக் குடிநீர் தரும் ஏரிகள் நான்கும் வறண்டன. மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியம்) குழாய் இல்லாத குடியிருப்புகள் அப்போது முழுக்க லாரியை நம்பித்தான் ஓடின. ஓ.எம்.ஆர். குடியிருப்புகள் பலவற்றில் சாதாரண நாளிலேயே தண்ணீர் லாரி வருகிறது. அந்தச் செலவு மெயின்டனன்ஸ் பில்லில் ஏறும். கடந்த ஏப்ரல், மே மாதத்து பில்லைக் காட்டச் சொல்லுங்கள். போர் தண்ணீர் என்றால் குழாயைத் திறந்து ஒரு வாய் ருசி பாருங்கள், உப்பு தெரிந்துவிடும்.

பெரியவர்களைக் கேட்காமல் முடிவெடுப்பது

ஊரிலிருந்து அப்பா அம்மாவை அழைத்து வந்து, குழந்தையைப் பார்த்துக்கொள்வார்கள் என்று திட்டம் போடுகிறோம். ஊரில் தானாகக் கடைக்கும் கோயிலுக்கும் போய்க்கொண்டிருந்தவர்கள், புறநகர் அடுக்குமாடியில் பத்தாவது மாடிக்கு வந்ததும், மாத்திரை வாங்கக்கூட மகன் மொபைலில் வண்டி புக் செய்யும்வரை காத்திருக்க வேண்டியதாகிறது. மயிலாப்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ இருந்தால் நடந்தே எல்லாம் ஆகும். ஆனால் அங்கே லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி என்றால், முட்டிவலிக்காரருக்கு அதுவும் அடைத்து வைத்தது போலத்தான். அவர்களையும் கூட்டிப் போய் வீட்டைக் காட்டுங்கள். அவர்களே படி ஏறி, தெருவில் நடந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

நகரத்துக்குள்ளேயே இருந்துவிடுவது என்று பிடிவாதமாக இருப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏரியாவின் பேருக்காக ஐந்து பேர் 550 சதுர அடியில் அடைந்து கிடந்தால், பத்தாம் வகுப்புப் பிள்ளை டிவிக்கும் அடுப்படிக்கும் நடுவில் உட்கார்ந்து படிக்க வேண்டிவரும். பெரிய குடியிருப்பு வளாகங்களில் பிள்ளைகள் இருட்டும்வரை வண்டி பயமில்லாமல் ஓடி விளையாடுகிறார்கள், பல மாநிலத்துப் பிள்ளைகளோடு பழகுகிறார்கள். அது உண்மையான லாபம். அதைச் சின்ன விஷயமாக ஒதுக்கக் கூடாது.

வரப்போவதை நம்பிப் பணத்தைக் கொட்டுவது

‘மெட்ரோ வரப்போகுது, பஸ் ஸ்டாண்ட் வரப்போகுது’ என்பது புறநகர் விளம்பரங்களின் நிரந்தர வாசகம். வருவது உண்மையாகவே இருக்கலாம். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. ஆனால் அதையொட்டிய ரயில் நிலையம் அதோடு சேர்ந்து வரவில்லை. மெட்ரோ இரண்டாம் கட்டம் கிட்டத்தட்ட 119 கிலோமீட்டர். ஓ.எம்.ஆரில் இருப்பவர்கள் அது வருவதற்கு முன்னால் வருடக்கணக்கில் தடுப்புகளுக்கு நடுவே ஓட்டிப் பழகினார்கள். இன்று யூ.கே.ஜி. படிக்கும் பிள்ளை எட்டாம் வகுப்புப் போகும்போது வரும் ரயில், யூ.கே.ஜி. படிக்கும் பிள்ளைக்கு உதவாது. இன்றைக்கு இருக்கும் ரோட்டையும் பஸ்ஸையும் வைத்தே முடிவெடுங்கள்.

கடைசியாக ஒன்று. எங்கே போவதாக இருந்தாலும் நேராகப் போய்ச் சொந்த வீடு வாங்கி, 20 வருடக் கடனில் உட்காராதீர்கள். அதே தெருவில், முடிந்தால் அதே வளாகத்தில், 11 மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு இருந்து பாருங்கள். ஒரு ஐப்பசி கார்த்திகை மழையும் கொஞ்சம் கோடையும் அதற்குள் வந்துவிடும். பிள்ளைகளுக்கும் ஒரு பள்ளி ஆண்டு முடிந்திருக்கும். பிடிக்கவில்லை என்றால் சாமான்களை வண்டியில் ஏற்றும் செலவோடு போகும். பிடித்திருந்தால், எந்த பிளாக்கில் தண்ணீர் அழுத்தம் குறைவு, எந்தப் பக்கம் மாலை வெயில் அறையை வாட்டும் என்று எல்லாம் தெரிந்துகொண்டு விலை பேசலாம்.