டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து அணு உலை நின்றதா? அந்தச் செய்தியைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"மின்மாற்றியில் கோளாறு, அணு உலை தானாக நின்றது" என்று ஒரு வரிச் செய்தி வந்தால் போதும், உடனே இரண்டு விதமான பேச்சு கிளம்பிவிடும். உலையே வெடித்துவிட்டது, மறைக்கிறார்கள் என்பார்கள் சிலர். வெறும் டிரான்ஸ்ஃபார்மர்தானே, விடுங்கள் என்பார்கள் வேறு சிலர். இரண்டுமே தவறு. அதிலும் இரண்டாவது பேச்சுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில், இப்படிப்பட்ட செய்தியோடு வரும் படங்களில் தெரியும் கரும்புகை. அதைப் பார்த்ததும் உலை எரிகிறது என்று நினைத்துவிடாதீர்கள். பிரதான மின்மாற்றி இருப்பது உலைக் கட்டடத்துக்குள் அல்ல. டர்பைன் கட்டடத்துக்கு வெளியே, திறந்தவெளியில். ஜெனரேட்டர் தரும் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தை 4 லட்சம் வோல்ட் போன்ற அளவுக்கு உயர்த்தி, மின்கம்பிகளுக்கு அனுப்புவது அதன் வேலை. அதன் தொட்டிக்குள் பல்லாயிரம் லிட்டர் எண்ணெய் இருக்கும். உள்ளே மின்காப்பு பழுதாகி மின்பொறி பாய்ந்தால் எண்ணெய் சட்டென்று வாயுவாகும், தொட்டி பிளக்கும், தீப்பிடிக்கும். எழும் புகை அந்த எண்ணெயின் புகைதான்.

ஜப்பானின் காஷிவாசாக்கி-கரிவா நிலையத்தில் 2007 ஜூலை 16 நிலநடுக்கத்தின்போது இதைத்தான் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். 3-வது அலகின் (ஒவ்வோர் உலையும் ஓர் அலகு) மின்மாற்றி எரிந்துகொண்டிருந்தது. கேமராக்கள் எல்லாம் அந்தப் புகையையே காட்டின. ஆனால் அன்று கதிரியக்கம் கலந்த நீர் சிறிதளவு கடலுக்குப் போனது 6-வது அலகிலிருந்து. அங்கே புகையும் இல்லை, தீயும் இல்லை. கண்ணுக்குத் தெரிவதை வைத்து ஆபத்தை அளந்தால் இப்படித்தான் ஏமாறுவோம்.

அடுத்து, உலை தானாக நின்றதையே விபத்து என்று எண்ணுவது. மின்மாற்றி போனால் மின்சாரம் வெளியேற வழி இல்லை. கோளாறை உணரும் பாதுகாப்பு ரிலே என்ற கருவி நொடிக்கும் குறைவான நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும். டர்பைனுக்குப் போகும் நீராவி வால்வுகள் மூடும். வெப்பத்தை அனுப்ப வழக்கமான வழி இல்லாததால் உலையும் நிறுத்தப்படும். அழுத்த நீர் வகை உலையில், அணுப்பிளவை நிறுத்தும் கட்டுப்பாட்டுக் கோல்களை மின்காந்தங்கள்தான் மேலே பிடித்து வைத்திருக்கின்றன. மின்னோட்டத்தை நிறுத்தினால் கோல்கள் தம் எடையாலேயே இரண்டு மூன்று நொடிகளில் கீழே விழுந்துவிடும். ஆள் ஓடிவந்து பொத்தானை அமுக்க வேண்டியதில்லை. இப்படி நிற்பதற்காகவே அதை வடிவமைத்திருக்கிறார்கள்.

சரி, நின்றுவிட்டது. இங்கேதான் பெரிய தவறு வருகிறது: "நின்றுவிட்டது, இனி ஒன்றுமில்லை." அணுப்பிளவு நின்றாலும் எரிபொருளுக்குள் சேர்ந்திருக்கும் கதிரியக்கப் பொருள்கள் சிதைந்துகொண்டே வெப்பம் தரும். 1,000 மெகாவாட் மின்சாரம் தரும் உலையின் வெப்ப உற்பத்தி ஏறத்தாழ 3,000 மெகாவாட். நின்ற கணத்தில் அதில் 6 முதல் 7 சதவீதம் மிச்சமிருக்கும், அதாவது சுமார் 200 மெகாவாட். ஒரு மணி நேரத்தில் அது ஒன்றரை சதவீதத்துக்கு அருகில் இறங்கும். ஒரு நாள் கழித்தும் அரை சதவீதம் அளவுக்கு இருக்கும், சுமார் 15 மெகாவாட். 1,000 வாட் அயர்ன் பாக்ஸ் பதினைந்தாயிரத்தை ஒரே தொட்டிக்குள் ஓடவிட்டது போல. ஸ்விட்சைப் போட்டு அணைக்க முடியாத வெப்பம் இது. நீர் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பெரும்பாலான நிலையங்களில் அதற்குப் பம்புகள் வேண்டும், பம்புகளுக்கு மின்சாரம் வேண்டும்.

நின்றுபோன நிலையம் தனக்குத் தானே மின்சாரம் தர முடியாது. வெளியிலிருந்து வாங்க வேண்டும், அதுவும் இன்னொரு மின்மாற்றி வழியாக. அதுவும் இல்லையென்றால் டீசல் ஜெனரேட்டர்கள். "வெறும் டிரான்ஸ்ஃபார்மர்" என்ற பேச்சு எனக்கு ஏன் பிடிப்பதில்லை என்றால் இதனால்தான். ஸ்வீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் 2006 ஜூலை 25 அன்று வெளி மின்முற்றத்தில் (நிலையத்தை மின்கம்பிகளோடு இணைக்கும் இடம்) ஒரு குறுக்குச்சுற்று, அதாவது ஷார்ட் சர்க்யூட். உலை சரியாக நின்றது. ஆனால் நான்கு டீசல் ஜெனரேட்டர்களில் இரண்டின் மின்சாரம் போய்ச் சேரவில்லை. பணியாளர்கள் கையால் இணைக்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. ஃபுகுஷிமாவிலும் 2011 மார்ச் 11 அன்று ஓடிக்கொண்டிருந்த உலைகள் முறையாகத்தான் நின்றன. பிறகு சுனாமி டீசல்களை மூழ்கடித்தது.

அதனால் செய்தியில் "உலை நின்றதா" என்பதோடு விட்டுவிடாதீர்கள். வெளி மின்சாரம் வருகிறதா, டீசல்கள் ஓடவேண்டி வந்ததா, குளிர்விப்பு தொடர்கிறதா என்று தேடுங்கள். முதல் அறிக்கையில் இவை இல்லாவிட்டால் அடுத்த அறிக்கைக்குக் காத்திருக்கலாம். அதற்குள் எதையும் ஃபார்வர்ட் செய்ய வேண்டாம்.

"கதிர்வீச்சு வெளியேறவில்லை" என்றால் பாதிப்பே இல்லை என்று எடுத்துக்கொள்வதும் தவறு. நியூயார்க் மாநிலத்தின் இந்தியன் பாயின்ட் அணுமின் நிலையத்தில் 2015 மே 9 அன்று 3-வது அலகின் மின்மாற்றி எரிந்தபோது உலை தானாக நின்றது. ஆனால் மின்மாற்றி எண்ணெய் ஹட்சன் ஆற்றில் கலந்தது.

அப்புறம், "திடீரென்று வெடித்தது" என்ற சொல். சில கோளாறுகள் முன்னறிவிப்பின்றி வருவது உண்மைதான். ஆனால் பல கோளாறுகள் எண்ணெயில் தடம் விட்டுத்தான் வருகின்றன. எண்ணெயில் கரைந்த வாயுக்களைச் சோதித்தால், அசெட்டிலீன் கூடியிருப்பது உள்ளே மின்பொறி பாய்கிறது என்பதற்கு அடையாளம். மின்மாற்றியின் தொட்டிக்கும், அதற்கு மேலே உள்ள எண்ணெய்க் கலத்துக்கும் நடுவே குழாயில் புக்கோல்ஸ் ரிலே என்ற சிறு பெட்டி இருக்கும். குமிழிகள் அதில் சேரச் சேர மிதவை இறங்கி எச்சரிக்கை மணி அடிக்கும். ஆகவே கடைசி எண்ணெய்ச் சோதனை என்ன காட்டியது, மின்மாற்றிக்கு என்ன வயது என்று கேட்பது நியாயமான கேள்வி.

"வெறும் டிரான்ஸ்ஃபார்மர்தானே" என்பவர்களுக்குக் கடைசியாக ஓர் உதாரணம். ஜெர்மனியின் க்ரூமல் நிலையத்தில் 2007 ஜூன் 28 அன்று மின்மாற்றி எரிந்து உலை நின்றது. புகை கட்டுப்பாட்டு அறைக்குள்ளும் வந்தது. இரண்டு ஆண்டுகள் மூடியிருந்துவிட்டு 2009-இல் மறுபடி ஓடத் தொடங்கியது. சில வாரங்களுக்குள், ஜூலை 4 அன்று, மீண்டும் மின்மாற்றியில் குறுக்குச்சுற்று, மீண்டும் உலை தானாக நின்றது. அதன்பின் அந்த உலை மின்சாரம் தரவே இல்லை.